பழைய ஜெர்சியை யார் காப்பாற்றுவது? விளையாட்டு நினைவுப்பொருட்களும் திருவையாறு சொல்லும் பாடமும்

திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஆராதனை நாளில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகள் பாடுவதை டிவியிலோ செல்போனிலோ பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அந்த இடம் இன்றைக்கு இருப்பதே பெரிய விஷயம். தியாகராஜர் 1847-ல் மறைந்தார். அதன் பிறகு அரை நூற்றாண்டு அந்தச் சமாதியைக் கவனிக்க ஆளில்லை. 1903-ல் அவருடைய சீடர்கள் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் தேடிப் பிடித்துச் செப்பனிட்டார்கள். மறுபடியும் கவனிப்பு குறைந்தது. பிறகு பெங்களூர் நாகரத்னம்மாள் தான் பாடிச் சம்பாதித்த பணத்தைப் போட்டு, 1921-ல் வேலையைத் தொடங்கி, 1925-ல் கோயிலாக எழுப்பிக் குடமுழுக்கு நடத்தினார். ஆராதனையில் பெண்கள் பாட இடம் இல்லாத காலம் அது.

அரசாங்கம் செய்யவில்லை. பெரிய நிறுவனம் எதுவும் செய்யவில்லை. ஒரு ரசிகை செய்தார். அவ்வளவுதான்.

சரி, இதற்கும் கால்பந்து ஜெர்சிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. பாட்டுக்காரரோ பந்தாட்டக்காரரோ, ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்குமா என்பதை, அவர் ஆடி முடித்த பிறகு அவருடைய பொருட்களை யார் எடுத்து வைத்தார்கள் என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. டெல்டா மாவட்டங்களில் அறுபது, எழுபதுகளில் பந்து ஆடியவர்களுக்கு இன்று எண்பது வயதை ஒட்டி ஆகிறது. அவர்களுடைய டிரங்குப் பெட்டிகள் இன்னும் எத்தனை நாள் பரணில் இருக்கும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

*ஆஸ்திரேலியாவில் எப்படிச் சேகரிக்கிறார்கள்?*

விளையாட்டு நினைவுப்பொருள் சேகரிப்பை ஒழுங்கான பழக்கமாகவே வளர்த்துக்கொண்ட நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. அங்கே ‘ஃபுட்டி’ என்றால் பெரும்பாலும் நீள்வட்டப் பந்தில் ஆடும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. அந்த ஆட்டத்தின் ரசிகர்களில் ஒரு வகையினர் உண்டு. அவர்கள் எல்லாவற்றையும் சேர்ப்பதில்லை. ஒரே ஒரு வீரரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் முதன்முதலில் களமிறங்கிய ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை, அவர் தொடர்பான எல்லாவற்றையும் தேடுவார்கள்.

எல்லாம் என்றால் என்னென்ன? அவர் அணிந்த ஜெர்சி, பூட்ஸ், கிளப் கொடுத்த பிளேசர். 1963 முதல் சூயிங்கம் பாக்கெட்டோடு ‘ஸ்கேன்லன்ஸ்’ நிறுவனம் கொடுத்த வீரர் படம் போட்ட அட்டைகள். மைதானத்தில் 1912-லிருந்து விற்கப்பட்டு வரும் ‘ஃபுட்பால் ரெக்கார்ட்’ என்ற ஆட்ட நாள் இதழ். டிக்கெட், செய்தித்தாள் துணுக்கு, வீரர் கைப்பட எழுதிய கடிதம். தனித்தனியாகப் பார்த்தால் பாதிக்கு மேல் காகிதக் குப்பை. வரிசையாக அடுக்கினால் ஒரு மனிதரின் இருபது வருட வாழ்க்கை. எந்த வருடம் காயம்பட்டு உட்கார்ந்தார், எந்த வருடம் கிளப் மாறினார், எப்போது பெயர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்துக்குப் போனது என்பதெல்லாம் அதில் தெரியும்.

அதற்காக ஆஸ்திரேலியாவில் எதுவுமே தொலையவில்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே நடந்த ஒரு கதை இந்தப் பிரச்சினையை அழகாகக் காட்டும். 1923-ல் நியூசிலாந்துக் கால்பந்து அணி ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. இரு அணித் தலைவர்களும் புகைத்த சுருட்டின் சாம்பலை, கல்லிபோலி போருக்கு ஒரு சிப்பாய் எடுத்துச் சென்றிருந்த சின்ன ஷேவிங் பிளேடு டப்பாவில் போட்டு, அதை மரப்பேழையில் வைத்து, வெற்றி பெறும் அணிக்கான கோப்பையாக ஆக்கினார்கள். கிரிக்கெட்டில் ‘ஆஷஸ்’ போல, கால்பந்துக்கு ஒரு ஆஷஸ். 1954-க்குப் பிறகு அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் 2023-ல் கிடைத்தது. எங்கே? ஆஸ்திரேலியக் கால்பந்து அமைப்பின் முன்னாள் தலைவர் சிட்னி ஸ்டோரியின் வீட்டு கராஜில். அவருடைய குடும்பத்தார் பழைய சாமான்களை ஒழுங்குபடுத்தும்போது கண்ணில் பட்டது.

நன்றாகக் கவனித்தால், அந்த டப்பாவைக் காப்பாற்றியது அதன் வெள்ளி முலாம் அல்ல. இது இன்ன ஆட்டத்தின், இன்ன ஆண்டின் கோப்பை என்று யாரோ முன்பே எழுதி வைத்ததுதான். வரலாற்றில் பெயர் இல்லாமல் இருந்திருந்தால், அது வெறும் சாம்பல் போட்ட பழைய டப்பா. குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும்.

*விலை எங்கிருந்து வருகிறது?*

நினைவுப்பொருள் என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஏலத் தொகைதான். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒரு கோலும், உலகமே வாய்பிளந்த இன்னொரு கோலும் போட்ட ஆட்டத்தில் அணிந்த ஜெர்சி, 2022 மே மாதம் சுமார் 71 லட்சம் பவுண்டுக்கு விற்றது. 2022 உலகக் கோப்பையில் மெஸ்ஸி அணிந்த 6 ஜெர்சிகள் அடுத்த ஆண்டு டிசம்பரில் 78 லட்சம் டாலருக்குப் போயின.

துணி என்னவோ சாதாரணத் துணிதான். அப்படியானால் இவ்வளவு விலை எதற்கு? அந்தத் துறையில் இதற்குச் சொல்லும் காரணம் ஒன்றே: பொருளின் வழிவரலாறு. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எப்படி வந்தது என்ற சங்கிலி. வீடு வாங்கும்போது மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்ப்பது போலத்தான்.

மரடோனா ஜெர்சியின் சங்கிலி எளிமையானது. ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் அவருடன் ஜெர்சி மாற்றிக்கொண்டார். பல ஆண்டுகள் அது இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தது. இருந்தும் ஏலம் அறிவித்ததும் சண்டை வந்தது. கோல் போட்டபோது அணிந்தது இது இல்லை, முதல் பாதியில் அணிந்தது இது என்று மரடோனாவின் குடும்பத் தரப்பு சொன்னது. ஏல நிறுவனம் அன்றைய புகைப்படங்களையும் வீடியோவையும் ஜெர்சியின் தையல், சின்னம், கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்து, இதுதான் அது என்று அறிவித்தது. உலகமே பார்த்த ஆட்டத்துக்கே இந்தக் கதி என்றால், யாரும் படம் பிடிக்காத ஆட்டங்களின் ஜெர்சிகளுக்குச் சொல்ல வேண்டுமா?

சங்கிலி இல்லாத இடத்தில் போலி நுழையும். 1990-களில் அமெரிக்க எஃப்.பி.ஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்று பெயரிட்டு நடத்திய விசாரணையில், விளையாட்டு வீரர்களின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு விற்கும் பெரிய கும்பல்களே பிடிபட்டன. ஆன்லைனில் ‘ஒரிஜினல் கையெழுத்து’ என்று ஜெர்சி வாங்கும் இளைஞர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. கூடவே வரும் பளபளப்பான சான்றிதழ் அட்டையையும் அதே பிரின்டரில் அடிக்க முடியும்.

இங்கேதான் ஒரு தவறான எண்ணம் பிறக்கிறது. ‘மரடோனா, மெஸ்ஸி பொருட்களுக்கு விலை உண்டு. எங்கள் ஊர்ப் பெரியவர் வைத்திருக்கும் மாவட்ட லீக் மெடலுக்கு என்ன மதிப்பு?’ என்பது அது. ஏலச் சந்தையில் மதிப்பு பூஜ்யம்தான். ஆனால் மரடோனா ஜெர்சி தொலைந்தாலும் அவர் ஆடியதற்கு ஆயிரம் மணி நேர வீடியோ மிச்சம் இருக்கும். மாவட்ட வீரரின் மெடல் தொலைந்தால், அவர் ஆடியதற்கு வேறு சாட்சியே இருக்காது. பொருள் எவ்வளவு சாதாரணமோ, அவ்வளவுக்கு அது ஒற்றைச் சாட்சி.

*மெல்போர்ன் 1956: இரண்டு கதைகள்*

இந்தியாவின் இழப்பு எவ்வளவு பெரியது என்று பார்க்க, மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்கே போகலாம். 1956 டிசம்பர் 1. மெல்போர்ன் ஒலிம்பிக். கால்பந்துக் காலிறுதியில் இந்தியா, சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்தது. நெவில் டிசூசா 3 கோல், கிட்டு ஒரு கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் டிசூசா. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அந்த அணி நான்காவது இடம் பிடித்தது. அதற்கு மேல் இந்தியக் கால்பந்து ஒலிம்பிக்கில் போனதே இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கோடு போவதே நின்றுவிட்டது.

அதே மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. தலைவர் பல்பீர் சிங் சீனியர். 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். விளையாட்டு அருங்காட்சியகம் வரப்போகிறது என்று 1985-ல் தன்னுடைய 36 பதக்கங்களையும், நூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்களையும், மெல்போர்னில் அணிந்த தலைவர் பிளேசரையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். அருங்காட்சியகம் வரவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கையொட்டிய கண்காட்சிக்காக அவற்றைக் கேட்டபோதுதான், அவை இருக்கும் இடமே தெரியவில்லை என்பது வெளியே வந்தது. எங்கே என் பதக்கங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், 2020 மே மாதம் 96 வயதில் காலமானார்.

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஆஸ்திரேலிய விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. 1956 ஒலிம்பிக்கின் நினைவுகளை அங்கே இன்றும் போய்ப் பார்க்கலாம். அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்தியத் தலைவரின் பிளேசர் எங்கே? ஒரு கோட்டை பத்திரமாக வைக்க ஒரு பீரோ போதும். இங்கே பற்றாக்குறை பணம் அல்ல. யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் இல்லாததுதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் பட்டியல் இன்னும் நீளும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக, சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். சேகரிக்க பூட்ஸ்கூடக் கிடையாது! 1956, 1960 ஒலிம்பிக்கில் கோல் காத்த பீட்டர் தங்கராஜ், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியிலிருந்து வந்தவர். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் தங்கராஜ் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது. 1960 ரோம் அணியில் இருந்த சைமன் சுந்தரராஜ், 1973-ல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். கேரளத்தில் பழைய கால்பந்து ரசிகர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் தெரியும். தமிழ்நாட்டில் பந்து ஆடும் ஒரு பள்ளி மாணவரிடம் கேட்டுப் பார்க்கலாம். அதுவே பதில்.

*டெல்டா வீரரின் பெட்டியில் என்ன இருக்கும்?*

இவர்கள் ஒலிம்பிக் வரை போனவர்கள். இவர்கள் பெயராவது புத்தகத்தில் இருக்கிறது. டெல்டாவில் அறுவடை முடிந்த வயலையே மைதானமாக்கி ஆடியவர்கள், பள்ளி அணி, கல்லூரி அணி, மாவட்ட அணி என்று போய், சிலர் ரயில்வேயிலோ வங்கியிலோ மின்வாரியத்திலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்ற பெரிய கூட்டம் இருக்கிறது. ஒரு குடும்பத்தையே விவசாயக் கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு நகர்த்தியது ஒரு பந்து. இது விளையாட்டு வரலாறு மட்டுமல்ல, சமூக வரலாறும்தான்.

அப்படி ஒருவருடைய பெட்டியைத் திறந்தால் ஆஸ்திரேலிய ரசிகர் தேடுவது போன்ற அட்டைகளும் ஆட்ட இதழ்களும் இருக்காது. வேறு சில இருக்கும். மஞ்சள், பச்சைத் தாளில் அச்சடித்த ‘மாபெரும் கால்பந்துப் போட்டி’ நோட்டீஸ். அதில் முதல் பரிசு, சுழற்கோப்பை, நன்கொடையாளர்கள் பெயர், ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்ற வரி. கறுத்துப்போன மெடல்கள். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்றிதழ். அணியே வரிசையாக நிற்க, நடுவில் பந்தின் மேல் சுண்ணாம்பால் ஆண்டு எழுதிய குரூப் போட்டோ. மாநில அணித் தேர்வுக்கு வரச்சொன்ன கடிதம். ரயில் சலுகைப் படிவம். வேலை உத்தரவு.

இதில் அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டால் போதும். எந்த ஊர் அணிகள் யாரோடு ஆடின, எந்தக் கடைக்காரர் பணம் கொடுத்தார், எந்தத் தெருக்காரர்கள் அமைப்பாளர்களாக இருந்தார்கள், யார் பெயர் இல்லை என்பது வரை அதில் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவருக்கு அது தங்கம். வீட்டில் இருப்பவர்களுக்கு? ‘எதுக்கு இந்தக் குப்பையைச் சேத்து வச்சிருக்கீங்க, கரையான்தான் வரும்’ என்பதுதான் வழக்கமான வசனம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. இரண்டு அறை வீட்டில் பரண் என்பது அருங்காட்சியகம் அல்ல.

திருவையாறு இந்த விஷயத்திலும் ஒரு கதை வைத்திருக்கிறது. தியாகராஜர் பூஜித்த ராமர் சிலையை அவருடைய அண்ணனே கோபத்தில் காவிரியில் போட்டார் என்பது அந்த ஊரில் காலங்காலமாகச் சொல்லப்படும் செவிவழிக் கதை. நடந்ததோ இல்லையோ, அது சொல்லும் விஷயம் உண்மை. ஒருவருக்கு உயிராக இருக்கும் பொருள், அதே வீட்டில் இன்னொருவருக்கு எரிச்சல். பெரும்பாலான சேகரிப்புகள் வெள்ளத்தாலோ தீயாலோ அழிவதில்லை. வீட்டைச் சுத்தம் செய்வதில்தான் அழிகின்றன.

*எழுதி வைத்தவர்தான் காப்பாற்றியவர்*

தியாகராஜருடைய பாட்டு எப்படி நின்றது? அவருடைய சீடர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி வைத்த சுவடிகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தச் சேகரிப்பு இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கிறது. அவர் ஆயிரக்கணக்கில் பாடியதாகச் சொல்வார்கள். இன்று கிடைப்பவை சுமார் 700. கிடைத்தவை சீடர்கள் மனப்பாடம் செய்தவையும் எழுதியவையும். மற்றவை காற்றோடு போயின.

இங்கே கவனிக்க வேண்டியது: நாகரத்னம்மாள் இடத்தைக் காப்பாற்றினார், சீடர்கள் எழுத்தைக் காப்பாற்றினார்கள். இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இன்றைய திருவையாறு இல்லை. பாட்டு இல்லாத சமாதி வெறும் கட்டடம். விவரம் இல்லாத ஜெர்சி வெறும் துணி.

சேகரிப்பாளரைப் பைத்தியம் என்று சிரிப்பது எளிது. ஆனால் தமிழகத்தின் பெரிய ஆய்வு நூலகம் ஒன்று அப்படிப்பட்ட ஒரு ‘பைத்தியத்திலிருந்து’ வந்ததுதான். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை. 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆக்கியது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் இன்று அங்கே போகாமல் இருக்க முடியாது. விளையாட்டுக்கு அப்படி ஒரு ரோஜா முத்தையா தமிழ்நாட்டில் இன்னும் பொதுவெளிக்கு வரவில்லை.

*சட்டம் காப்பாற்றுமா?*

காப்பாற்றாது. 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, பொதுவாக 100 ஆண்டுகளுக்குக் குறையாத வயதுள்ளவைதான் தொல்பொருள். முக்கியத்துவம் வாய்ந்த கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு. 1956 பிளேசரும் 1970-ன் மாவட்ட மெடலும் இந்தக் கணக்கில் வராது. அவற்றை விற்கலாம், உருக்கலாம், எரிக்கலாம். யாரும் கேட்க முடியாது.

அப்படியானால் அரசு ஒரு பெரிய அருங்காட்சியகம் கட்டட்டும் என்று விட்டுவிடலாமா? பல்பீர் சிங் காத்திருந்தது அதற்குத்தான். கட்டடம் வரும் வரை பொருள் இருக்க வேண்டுமே. கட்டடம் வந்த பிறகும், மனிதர் வாழ்ந்த உண்மையான சூழல் போய்விட்டால் ஈடு செய்ய முடியாது. தியாகராஜர் வாழ்ந்த திருமஞ்சன வீதி வீடே இதற்கு உதாரணம். இப்போது அங்கே இருப்பது புதிதாகக் கட்டிய நினைவில்லம். போகிறவர்கள் கும்பிடலாம். அவர் நடந்த தரையைப் பார்க்க முடியாது.

*‘அந்தக் காசுக்கு ரெண்டு பந்து வாங்கலாமே?’*

இது நியாயமான கேள்வி. கோல் போஸ்ட்டுக்கு வலை இல்லாமல், ஷூ இல்லாமல் ஆடும் பிள்ளைகள் இருக்கும்போது, பழைய ஜெர்சிக்குக் கண்ணாடிப் பெட்டி தேவையா? கண்ணாடிப் பெட்டி நிச்சயம் தேவையில்லை. ஏலத்தில் கோடி கொடுத்து வாங்கி வரவேற்பறையில் மாட்டுவது சேகரிப்பே அல்ல, அது அலங்காரம். மில்கா சிங் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடிய ஷூவை 2012-ல் ஒரு தொண்டுக்கான ஏலத்துக்குக் கொடுத்தார். பொருள் பணமாகி யாருக்கோ உதவுகிறது என்றால் அதுவும் நல்ல முடிவுதான்.

ஆனால் இங்கே பேசுவது செலவே இல்லாத வேலையைப் பற்றி. தவிர, பிள்ளைக்குப் பந்து தேவை என்பது போலவே, ‘நம்ம ஊர்ல இருந்து ஒருத்தர் மாநில அணிக்குப் போயிருக்கார்’ என்பதும் தேவை. அது பாடப்புத்தகத்தில் இல்லை. அந்த குரூப் போட்டோவில் இருக்கிறது.

இன்னொரு ஆட்சேபமும் வரும்: இதெல்லாம் தனிநபர் துதிதானே? ஒரே வீரரைக் கொண்டாடும் பழக்கம் சினிமாவிலேயே போதும் என்பார்கள். உண்மையில் ஒழுங்காகச் செய்யும் சேகரிப்பு துதியைக் குறைக்கிறது. தோற்ற ஆட்டத்தின் துணுக்கும், அணியில் சேர்க்கவில்லை என்ற கடிதமும், காயத்துக்கான மருத்துவமனைச் சீட்டும் அதே பெட்டியில் இருக்கும். கட்அவுட்டில் அவை இருக்காது.

*செல்போன் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?*

வீட்டிலோ தெருவிலோ முன்னாள் வீரர் ஒருவர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

முதலில், பொருளை எடுத்துக்கொண்டு வரக் கூடாது. அவர் வீட்டிலேயே, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும். குரூப் போட்டோ என்றால், இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் அவரையே சொல்லச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். இதுதான் ஆக முக்கியம். அவருக்குப் பிறகு அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் கிடைக்காது.

ஒவ்வொரு பொருளுக்கும் நாலு வரி: என்ன, எந்த ஆட்டம் அல்லது எந்த ஆண்டு, யார் கொடுத்தது, இப்போது யாரிடம் இருக்கிறது. ஞாபகம் இல்லையென்றால் ‘ஞாபகம் இல்லை’ என்றே எழுத வேண்டும். ஊகித்து ஆண்டு போடுவது பொய்ச் சான்றிதழ் அடிப்பதற்குச் சமம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பழைய சான்றிதழை லேமினேட் செய்யக் கூடாது. பத்திரமாக இருப்பது போலத் தெரியும், ஆனால் சேதமில்லாமல் பிரிக்கவே முடியாது. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டக் கூடாது. பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். போட்டோவின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதக் கூடாது. மெதுவான பென்சில் போதும். மெடலைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. ஆட்டத்தில் அணிந்த ஜெர்சியைப் புதிதாகத் துவைத்து இஸ்திரி போடவும் கூடாது. அந்தக் கறைதான் அதன் கதை. வெயில் படாமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். காவிரிப் பாசன ஊர்களின் ஈரப்பதத்தில் சுவரை ஒட்டிப் பெட்டியை வைப்பது கரையானுக்கு விருந்து வைப்பதுதான்.

அடுத்து, பெரியவர் பேசுவதை ஒரு 20 நிமிடம் ஆடியோவாகப் பதிவு செய்யலாம். எப்படி ஆட வந்தார், முதல் பூட்ஸ் எப்போது, வேலை எப்படிக் கிடைத்தது, ஏன் நிறுத்தினார். பேட்டி போல வேண்டாம், பேச்சு போதும்.

பள்ளியோ சங்கமோ அரசு அலுவலகமோ அசல் பொருளைக் கேட்டால்? கொடுக்கலாம். ஆனால் பட்டியலிட்ட ரசீதோடு. நன்கொடையா, இரவலா, இரவல் என்றால் எப்போது திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பல்பீர் சிங் கதை படித்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

இவற்றை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு டெல்டாவிலேயே பதில் இருக்கிறது. மன்னர் சரபோஜி ஆசையாகச் சேர்த்த புத்தகங்களும் சுவடிகளும் வளப்படுத்திய சரசுவதி மகால் நூலகம் தஞ்சாவூரில், திருவையாற்றிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் நிற்கிறது. அவ்வளவு பெரிதாக எதுவும் வேண்டாம். அவர் படித்த பள்ளியில் ஒரு அலமாரி, கிளை நூலகத்தில் ஒரு கோப்பு, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஒரு தொகுப்பு. ஒரு பிரதி இரண்டு இடங்களில் இருந்தாலே இழப்பு பாதியாகக் குறையும்.

*இன்று ஆடுபவர்களுக்கும் இது பொருந்தும்*

இது தாத்தாக்களுக்கான வேலை மட்டுமல்ல. தமிழ்நாடு மகளிர் கால்பந்து அணி 2018 பிப்ரவரியில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மறுபடியும் கோப்பையைத் தூக்கியது. அந்த அணிகளில் ஆடிய பெண்களில் பலர் சிறிய ஊர்களிலிருந்து, வீட்டில் சண்டை போட்டு ஆட வந்தவர்கள். அவர்களுடைய ஜெர்சிகள் இப்போது எங்கே? அன்றைய புகைப்படங்கள் யாருடைய பழைய செல்போனில் இருக்கின்றன? காகிதமாவது நாற்பது வருடம் பரணில் கிடக்கும். செல்போன் படம் அடுத்த போன் மாற்றும்போதே போய்விடும். இன்றைய தலைமுறையின் கால்பந்து வரலாறு முந்தைய தலைமுறையை விட வேகமாக அழியக் கூடியது.

எனவே அருங்காட்சியகம் கேட்டு மனு கொடுப்பதும் நல்லதுதான்; ஆனால் அதற்குக் காத்திருப்பது தப்பு. ஒருவரின் உழைப்பை அடுத்தவர் கைக்குக் கொண்டுசேர்ப்பது எப்போதும் அவரை நேசித்த யாரோ ஒருவர்தான். அந்த யாரோ ஒருவருக்கு இன்று தேவைப்படுவது கோடிகள் அல்ல. ஒரு செல்போன், ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

கெடு ஒன்று உண்டு. ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் போகி வருகிறது. அன்று விடியற்காலையில் பாயோடும் கிழிந்த துணியோடும் எந்த அணியின் குரூப் போட்டோ எரிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதற்கு முன் ஒருமுறை பரணில் ஏறிப் பார்ப்பது நல்லது.